உடையாத முட்டை

என் வாழ்நாளில் நான் முட்டை சாப்பிட்டதில்லை. மீனைக்கூடக் காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிற கல்கத்தாவில் பாதி ஆயுளைக் கழித்தவன் இப்படிச் சொன்னால் இங்கே சிரிப்பார்கள். ஆபீஸில் யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால், முட்டை போட்டதா என்று கேட்ட பிறகுதான் கையை நீட்டுவேன். சந்தானம் பிடிவாதக்காரர் என்று பேர். கெட்ட பேர் இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என் பெண் மதுவந்தி புனேயிலிருந்து போன் செய்தாள். அவள் இங்கே வந்து பல வருஷமாகிறது. மராத்திக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே வேலை, அங்கேயே வீடு. அவள் வீட்டில் முட்டை உண்டு என்பது எனக்குத் தெரியும். என் மனைவி அனந்தலக்ஷ்மிக்குத் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லு. அன்னிக்குக் காலேஜ்ல அந்த டப்பா உன் கையிலதானே இருந்தது?"

எந்தக் காலேஜ், எந்த டப்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது நடிப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"பன்னண்டு வருஷம் யோசிச்சாச்சு. நிஜத்தைச் சொன்னா துர்கா பூஜைக்கு வரேன். இல்லேன்னா விட்டுடு."

அவள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வயதாகிறது. ஆகவே நடந்ததை வரிசையாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கப்பலில் வரும் சரக்கு உடைந்திருந்தால், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி சார்பில் துறைமுகத்துக்குப் போய்ப் பார்ப்பது என் தொழிலாக இருந்தது. கிதர்பூர் டாக்கில் நான் திறந்து பார்க்காத பெட்டி கிடையாது. பீங்கான், கண்ணாடி, மருந்துப் புட்டி, எல்லாம் நொறுங்கிக் கிடக்கும். நொறுங்கியதற்கு யார் காரணம் என்று சொல்ல வேண்டும். கட்டியவன் சரியாகக் கட்டவில்லையா, தூக்கியவன் சரியாகத் தூக்கவில்லையா? நான் எழுதும் ஒரு வாக்கியத்தில் யாராவது ஒருவர் தலை உருளும். அதற்காக நான் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை, ஏனென்றால் பொய்யாக ஒரு வார்த்தை எழுதியதில்லை.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய வீடு ஒன்றில் முதல் மாடியில் நாங்கள். எங்களுக்கு மேலே நாகரத்தினம் என்கிற அம்மாள், தூத்துக்குடிக்காரர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி வந்த கொஞ்ச வருஷத்திலேயே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வேலையை இந்த அம்மாளுக்குக் கொடுத்தார்கள். ஒரே பையன், கிரிதர். மதுவந்தியும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. தகப்பன் இல்லாத, நன்றாகப் படிக்கிற பையன் என்று பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சம்பளம் வாங்கவில்லை. நல்ல பையன்தான். அதில் எனக்கு எப்போதும் இரண்டு கருத்து இருந்ததில்லை.

தொண்ணூற்றாறு கடைசியில், அவர்கள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஜாதவ்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பள்ளிக்கூடங்களுக்குள் ஒரு போட்டி வைத்தார்கள். முட்டையை ஒரு கூட்டுக்குள் வைத்து மூன்றாவது மாடி வராந்தாவிலிருந்து கீழே போட வேண்டும். பாராசூட் கூடாது. முட்டை உடையாமல், கூடு யாருடையது மிகவும் லேசாக இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள். முட்டையை அவரவரே கொண்டுவர வேண்டும். ஜெயித்தால் தில்லியில் அகில இந்திய முகாம். கிரிதரிடம் மட்டும் தலைமை ஆசிரியை தனியாக ஒன்று சொல்லியிருந்தார். அடுத்த வருஷமும் சம்பளச் சலுகை நீடிக்க வேண்டுமானால் இந்த மாதிரி ஏதாவது ஒன்றைச் செய்து காட்டு, கமிட்டியில் பேச எனக்கு வசதியாக இருக்கும் என்று. பையன் அதை மனதில் போட்டுக்கொண்டான்.

மதுவும் அவனும் ஜோடி சேர்ந்தார்கள். யோசனைக்கு என்னிடம் வந்தார்கள். உடையாமல் கட்டுவது எப்படி என்று கல்கத்தாவில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? தேங்காய் நாரும் மரத்தூளும் சேர்த்து அடைத்து, அட்டைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து ஒரு மாதிரி செய்து கொடுத்தேன். உடையவில்லை. ஆனால் செங்கல் கனம் கனத்தது.

கிரிதர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "மாமா, முட்டையை எது மேலயும் உக்கார வைக்காம, நடுவுல தொங்க விட்டா என்ன?" என்றான்.

காத்தாடிக்குப் போடும் மூங்கில் ஈர்க்கில் ஒரு கூண்டு. நடுவில் சைக்கிள் டியூபை மெல்லிசாக நறுக்கிய ரப்பர் நாடாக்கள். அவற்றுக்கு நடுவே முட்டை ஊஞ்சல் ஆடும். கூண்டின் மூலைகளில், ஜால்முரி என்கிற காரப்பொரி விற்பவன் தருவானே, அந்த மாதிரிக் காகிதக் கூம்புகள். அவற்றுக்குள் வெறும் பொரி. கீழே விழும்போது பொரி நொறுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். கையில் எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை. இத்தனை வருஷம் கப்பல் சரக்கைப் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. "நன்னாயிருக்குடா" என்றேன். மது அவனைப் பார்த்த பார்வையையும் கவனித்தேன். அதற்கு முன்னால் அப்படி அவள் என்னைத்தான் பார்ப்பாள்.

எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழையக் கூடாது என்பதால் ஒத்திகையெல்லாம் மொட்டைமாடியில். முட்டைகள் கிரிதர் வீட்டில் இருக்கும், அவன் எடுத்து வருவான். மது கீழே வந்தால் அனந்தலக்ஷ்மி அவளை நேராகக் குளிக்க அனுப்புவாள். ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஒரு முட்டை உடைந்து மதுவின் கையெல்லாம் மஞ்சள். அவள் கையை விரித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவன் தன் சட்டை நுனியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடுகிறான். இரண்டு பேரும் வங்காளியில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். நான் படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். துணி காயட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கோபம் வந்தது என்று சொன்னால் மிகை. ஒரு தகப்பனுக்கு வரும் கவலை, அவ்வளவுதான். பையனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தால் போதும் என்று இருந்தது. சண்டை போட்டுப் பிரித்தால் பெண் முறைத்துக்கொள்வாள். அவளாகவே அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஏதாவது நடந்தால் நல்லது.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. டாக் பக்கம் ஒரு கடையில் போய் முட்டை வேண்டும் என்றேன். வாத்தா கோழியா என்று கேட்டான். வெள்ளையாக இருப்பதைக் காட்டினேன். ஆபீஸில் எல்லோரும் போன பிறகு டீ போடும் மின்சாரக் கெட்டிலில் அதை வேக வைத்தேன். எவ்வளவு நேரம் வேகும் என்று தெரியாததால் தண்ணீர் சுண்டுகிற வரைக்கும் விட்டேன். கெட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை என் கைப்பணத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். மற்றவர்கள் அதில் டீ குடிக்க வேண்டுமே.

இந்த இடத்தில் மதுவிடம் என்ன சொல்வது என்று நிறைய யோசித்திருந்தேன். 'அவித்த முட்டை விழுந்தாலும் ஒழுகாது, குழந்தைகள் ஜெயிக்கட்டும் என்று ஒரு சபலத்தில் செய்துவிட்டேன், முட்டையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்' என்று சொல்லலாம் என்று இருந்தேன். எல்லோரும் நம்புவார்கள். அவளும் நம்பக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்ஸியில் இருவரையும் நான்தான் அழைத்துப் போனேன். முட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில், பொரிக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. கல்லூரி வாசலில் பெயர் கொடுக்க இருவரும் வரிசையில் நிற்க வேண்டும், கூண்டையும் கொண்டுவந்து எடை போடச் சொன்னார்கள். கிரிதர் டப்பாவை வைத்துக்கொண்டு தயங்கினான்.

"மாமா, இதைப் பிடிச்சுக்கிறீங்களா? மூடி இறுக்கமா இருக்கு. உங்க கையில படாது."

என் ஆசாரத்துக்கு அவன் கொடுத்த மரியாதை அது. வாங்கிக்கொண்டேன். அவர்கள் வரிசையில் நின்றபோது நான் தூணுக்குப் பின்னால் போய் மூடியைத் திறந்தேன். மாற்றி வைக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் வீட்டு முட்டை என் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் இருந்தது. திரும்பும் வழியில் சாக்கடையில் போட்டேன்.

கூண்டு விழுந்த அழகை இப்போதும் சொல்ல முடியும். மற்றவர்களுடையவை தொப்பென்று விழுந்தன. இது தரையில் பட்டு, ஒரு துள்ளு துள்ளி, சாதுவாக நின்றது. பொரி மட்டும் நொறுங்கியது. ரப்பர் நாடாவில் முட்டை ஆடிக்கொண்டிருந்தது, ஒரு கீறல் இல்லை. எடையிலும் இதுதான் குறைவு. கைதட்டல் அடங்குவதற்குள் போட்டியை நடத்திய பேராசிரியர் முட்டையை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார். ஒன்றும் வழியவில்லை. ஓட்டை உரித்தார். வெள்ளையாக வந்தது. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும்.

முட்டை யாருடையது என்று கேட்டார். "எங்களோடது" என்று மதுதான் முதலில் சொன்னாள். அவர் என் பக்கம் பார்த்தார். எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைவதில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது உண்மை. லேக் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாத் தலையும் கிரிதர் பக்கம் திரும்பியது.

அவன் என்னைப் பார்ப்பான், டப்பா மாமாவிடம் இருந்தது என்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. உரித்த முட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, நான்தான் செய்தேன் என்று வங்காளியில் சொன்னான்.

அது ஏன் என்று எனக்கு அன்று புரியவில்லை. பிறகு நாகரத்தினம் சொல்லித்தான் தெரிந்தது. அன்று காலை அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் முட்டை அவித்திருக்கிறார். பச்சை முட்டையும் அதே தட்டில்தான் இருந்திருக்கிறது. டப்பாவில் எடுத்து வைத்ததும் அவர். அம்மா அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டாள் என்று பையன் நினைத்துவிட்டான். அத்தனை பேருக்கு நடுவில் அம்மா பேரை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

மது டாக்ஸியில் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. நான் நினைத்தது நடந்தது. சாயங்காலம் பாபு காட் படித்துறைக்குப் போய் கங்கையில் முழுகி, பூணூலை மாற்றிக்கொண்டேன். என்ன விசேஷம் என்று அனந்தலக்ஷ்மி கேட்டாள். டாக்கில் எதையோ தொட்டுவிட்டேன் என்றேன். முட்டையைத் தொட்ட தோஷத்துக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்டிப்போடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பையன்கள் ஒரு மாதத்தில் மறந்துவிடுகிற அவமானம். ஆனால் கமிட்டி கூடி, பேர் கெடுத்தவனுக்குச் சலுகை கிடையாது என்று நிறுத்திவிட்டது. வராந்தாவில் பையன்கள் அவனைப் பார்த்து முட்டை என்று கூப்பிட்டார்களாம். இங்கே பிப்ரவரி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கிரிதர் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை.

நாகரத்தினத்துக்கு இந்த ஊரில் வேறு யார்? நான்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். ஹௌரா, சியால்தா ரயில் ஸ்டேஷன்களில் அவரோடு அலைந்தேன். நல்ல இங்கிலீஷில் மனு எழுதினேன். 'காணவில்லை' என்று பேப்பரில் போட்ட விளம்பரத்துக்கு வாசகம் என்னுடையது. கட்டடத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்போது டெலிபோன், அதனால் எங்கள் எண்ணையே போட்டோம். நாங்கள் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

அந்த அம்மாள் இன்றைக்கும் மேலேதான் இருக்கிறார். ரிட்டயர் ஆன பிறகும் ஊருக்குப் போகவில்லை, பையன் வந்தால் தேடுவான் என்று. படியில் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சு. "நாந்தான் அண்ணாச்சி. அவிச்சதையும் பச்சையையும் ஒரே தட்டுல வச்ச பாவி நாந்தான். எம்புள்ள என் பேரக் காப்பாத்தப் போயி தன் பேரக் கெடுத்துக்கிட்டான்." விடுங்கள் அம்மா, தெரிந்தா செய்தீர்கள் என்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்களாவது இப்படிச் சொல்லுகிறீர்களே என்பார். இப்போதெல்லாம் மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டால், அவர் இறங்கிப் போகிற வரைக்கும் நான் செருப்பு மாட்டிக்கொள்வதில்லை.

நேற்று மதுவுக்கு நானே போன் செய்தேன். சபலம், தெரியாமல் செய்தது என்ற கதையைச் சொல்லத்தான் எடுத்தேன். அவள் குரலைக் கேட்டதும் முடியவில்லை. டப்பா என் கையில்தான் இருந்தது என்றேன். முட்டையை மாற்றியது நான் என்றேன்.

"ஜெயிக்கணும்னா?" என்றாள். அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்றிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

இல்லை என்றேன். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் அந்தப் பேராசிரியர் யோசனை கேட்டு என் ஆபீஸுக்கு வந்திருந்தார், பேக்கிங் தெரிந்தவர் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். வெளிப்பெட்டி முழுசாக இருக்கிறது என்பதற்காக உள்ளே சரக்கு சரி என்று நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை, எந்தப் பையனாவது அவித்துக் கொண்டுவந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், உடைத்துப் பாருங்கள், பசங்களிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதையும் மதுவிடம் சொன்னேன்.

"நான் அவன்கூடப் பேசலையேப்பா" என்றாள். பிறகு லைன் போய்விட்டது. நான் சொன்ன வார்த்தைப்படி நிஜத்தைச் சொல்லிவிட்டேன், அவளும் சொன்ன வார்த்தைப்படி வருவாள். அவளுக்கு அறையை ஒழித்து வைக்கும்படி அனந்தலக்ஷ்மியிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சேதி மேலே போயிருக்கிறது. இன்று காலை நாகரத்தினம் ஒரு கிண்ணத்தில் பால் பாயசத்தோடு வந்து வாசலில் நின்றார்.

"மது பூஜைக்கு வருதாமே அண்ணாச்சி. உங்க வீட்டுப் புள்ளையாவது வருதே. தனிப் பாத்திரத்துல வச்சேன், முட்டை பட்ட பாத்திரமில்ல." வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார். "அவனுக்கு உங்க போன் நம்பரு மனப்பாடம். ஒரு தடவ கூட அடிக்கணும்னு தோணலையே. அவ்வளவு வெறுத்துட்டானா என்னை?"

வெறுக்கவில்லை. அவன் போன அதே வருஷம், துர்கா பூஜை அஷ்டமி அன்று காலையில், எல்லோரும் பந்தலுக்குப் போயிருந்தபோது டெலிபோன் அடித்தது. எங்கேயோ ஒரு ஸ்டேஷன், பின்னால் ரயில் சத்தம். "மாமா, நான் கிரி பேசுறேன். அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றான். மதுவுக்கு அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அவன் வந்தால் பழைய பேச்செல்லாம் கிளம்பும், தாயும் பிள்ளையும் உட்கார்ந்து தட்டையும் டப்பாவையும் பற்றிப் பேசுவார்கள். அம்மா வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டாள், உன் மேல் ரொம்பக் கோபம், விலாசம் எங்களிடம் இல்லை என்றேன். சரி மாமா என்றான். மது நல்லா இருக்காளா என்று கேட்டான். பரீட்சை முடிந்ததும் நாகரத்தினத்திடம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் தள்ளிப் போய்விட்டது.

நாகரத்தினம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தானாகவே தலையை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவன் எப்போதாவது போன் செய்தானா என்று இத்தனை வருஷத்தில் அவர் என்னை நேராக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.